சந்தா யார்?

ரஞ்சன்குடி,
பெரம்பலூர் வட்டம்.
9.9.84 அன்று எழுதத் தொடங்கியது.

'கொத்தளம்' மாத இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு, கோட்டை எண் 117 அரியமுத்து கும்பிட்டு எழுதிக்கொள்வது.

ஐயா, முதலில் என் எழுத்துக்கு மன்னிப்பு. நான் எழுதப் படித்து ஒன்பது மாதம் ஆகிறது, வயது அறுபத்தெட்டு ஆகிறது. நாற்பது வருடம் ஆட்டுக் கயிறு பிடித்த கை என்பதால் பேனாவையும் இழுத்துத்தான் பிடிக்கிறது. வரி எங்கள் ஊர்க் கோட்டைப் படி போல மேலே ஏறி, ஓரத்துக்கு வந்ததும் சறுக்கிவிடும். தும்பிக்கை போட்ட பழைய 'லை' எனக்கு வராது, புதுசுதான் வரும். ஆசிரியர் என்று அச்சில் போட்டிருந்ததால் நீங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் என்றே இருந்துவிட்டேன். பத்திரிகை ஆசிரியர் வேறு என்று எங்கள் முதியோர் கல்வி வகுப்பு உண்ணாமலை டீச்சர் சொன்னார்கள். இருந்தாலும் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினால் சந்தோஷப்படுவேன். அதற்காகவே தாளின் பின்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இங்கே நானும் ஏழு ஆடுகளும் சௌக்கியம். இரண்டு நாள் மழை பெய்து சோளம் தலை நிமிர்ந்திருக்கிறது. நீங்களும் உங்கள் அச்சுக்கூடத்து ஆட்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் சம்சாரம் கலியம்மாள் சௌக்கியமா என்று அவளைக் கேட்டுச் சொல்லத்தான் வழியில்லை. ஆறு நாளாக என்னோடு பேச்சில்லை. அதற்குக் காரணம் நீங்கள். ஆகவே எனக்கு உங்களால் இரண்டு காரியம் ஆக வேண்டும். சந்தா என்பது பெண்பிள்ளை அல்ல என்று உங்கள் முத்திரையோடு எழுதித் தர வேண்டும். அது வந்து சேரும்வரை என் கோட்டையை யாரும் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

விவரமாகச் சொல்கிறேன். போன சித்திரையில் பெரம்பலூர் சந்தையில் பொட்டுக்கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் காகிதத்தில் பெரிய எழுத்து. அப்போது எனக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் வரும். 'கோட்டை இலவசம்' என்று இருந்தது. எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு கோட்டை சும்மாதான் கிடக்கிறது, இன்னொன்றை வாங்கி எங்கே கட்டுவது என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டேன். சின்ன எழுத்தை டீச்சர்தான் படித்துச் சொன்னார்கள். கூப்பனை நிரப்பிப் போட்டால் தாளில் வரைந்த ஒரு கோட்டையும் ஒரு எண்ணும் இருபது சிப்பாயும் தபாலில் வரும், மாதம் ஒரு கார்டில் நம் படை எந்தப் பக்கம் போகிறது என்று எழுதிப் போட வேண்டும், முகம் தெரியாத ஆட்கள் ஊர் ஊராக இருந்துகொண்டு ஒருவர் கோட்டையை ஒருவர் பிடிக்க வேண்டும், பிடித்தது யார் என்று அடுத்த இதழில் அச்சில் வரும், முதல் நாலு மாதத்துக்குக் காசு கிடையாது என்று சொன்னார்கள். என் பெயர் அச்சில் வரும் என்று கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே கூப்பனை அனுப்பிவிட்டேன்.

கோட்டை வந்தது. நல்ல கோட்டை. நாலு பக்கமும் மதில். ஆனால் கதவு இல்லை. கதவு வேண்டுவோர் இரண்டு ரூபாய்க்குத் தபால்தலை அனுப்பவும் என்று அடியில் இருந்தது. அனுப்பினேன். கதவு வந்தது, தாழ்ப்பாள் வரவில்லை. அது எட்டணா. அகழி இருந்தது, அதில் முதலை விட வேண்டுமானால் ஒன்றரை ரூபாய். ஐயா, நான் நாற்பது வருடம் ஆட்டுத் தரகு பார்த்தவன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியவன். ஆட்டுக்குத் தண்ணீரைக் குடிக்க வைத்து வயிற்றை உப்ப வைத்து விற்கிறவனையும் எனக்குத் தெரியும், அவனிடமே வாங்கி அடுத்த சந்தையில் விற்றவனையும் தெரியும். ஆட்டைச் சும்மா கொடுத்துவிட்டு, கயிறு தனி, மணி தனி, தழை தனி என்று விற்று, கடைசியில் நம் ஆட்டை நாமே பார்ப்பதற்கு வருடத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிற வியாபாரத்தை உங்களிடம்தான் பார்த்தேன். குறையாகச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவனுக்குத் தொழில் தெரிந்தவன் போடுகிற கும்பிடு இது.

இப்படி இருக்கையில் எனக்கு எதிரியாக எண் 62 வாய்த்தான். ஊர் வாலிகண்டபுரம் என்று மட்டும் உங்கள் இதழில் இருந்தது. நான் வடக்கு மதிலில் ஆளைக் குறைத்தால் அந்த மாதம் வடக்கே வருவான். தெற்கே குறைத்தால் தெற்கே வருவான். நான் எழுதுவது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. எனக்கு வாயை மூடிக்கொண்டு எழுத வராது, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொன்னால்தான் கை நகரும் என்பது வாஸ்தவம். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், வெளியாள் காதில் விழ வழியில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்று ரூபாய் அனுப்பி உங்களிடம் ஓர் ஒற்றனை வாங்கினேன். ஒற்றன் அனுப்பிய சீட்டில் 'உங்கள் எதிரி உங்களுக்கு மிக அருகில் இருக்கிறார்' என்று ஒரே வரி. வாலிகண்டபுரம் அருகில்தான் என்பது எங்கள் ஊர் வழியாகப் போகிற டவுன் பஸ்ஸுக்கே தெரியும். இதற்கு மூன்று ரூபாயா என்று உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

பிறகு நானே பஸ் ஏறி வாலிகண்டபுரம் போனேன். கலியம்மாளின் தம்பி உத்திராபதி அந்த ஊரில்தான் இருக்கிறான்.

"யாருடா இந்த ஊர்ல என் கோட்டையப் பிடிக்கப் பாக்குறவன்?" என்று கேட்டேன்.

"மாமா, இங்க அவங்கவங்க இடுப்பு வேட்டியப் பிடிச்சுக்கவே நேரம் பத்தல. ஒங்க கோட்டைய எவன் பிடிக்கப் போறான்? ஒக்காந்து சாப்புடுங்க" என்று சொல்லி இலையில் இரண்டு முட்டை வைத்தான். அவன் வீட்டில் எனக்கு அதுவரை ஒரு முட்டைக்கு மேல் வைத்ததில்லை.

இந்த மாதம் மூன்றாம் தேதி தபால்காரர் சின்னதுரை உங்கள் கார்டைக் கொடுத்தார். எழுதுவது போலத்தான் எனக்குப் படிப்பதும், வாய்விட்டுத்தான் வரும். அதிலும் அச்சடித்த கார்டு என்றால் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி படிப்பேன், ஒரு பெருமைக்குத்தான். 'அன்-புள்-ள அ-ரி-ய-முத்-து, உங்-கள் அ-றி-மு-கச் சந்-தா முடிந்துவிட்டது.' எனக்குச் சந்தை தெரியும், சந்தா தெரியாது. அச்சுப் பிழையாக இருக்கும் என்று நான் கார்டைத் திருப்பிப் பார்ப்பதற்குள், பைப்படியில் குடம் வைத்திருந்த அடுத்த வீட்டு ராசாத்தி நிமிர்ந்தாள்.

"யாருண்ணே சந்தா? டூரிங் கொட்டாயில இந்திப் படத்துல ஆடுமே, அது மாதிரி பேரா இருக்கு?"

"தெரியலையே புள்ள."

"தெரியாமயா அறிமுகம்னு எழுதியிருக்கு? முடிஞ்சிருச்சாமே. ஐயோ பாவம், என்ன வயசோ!"

கலியம்மாள் கையில் முறத்தோடு வெளியே வந்தாள். "மேல படிய்யா" என்றாள்.

"உ-ட-னே பு-துப்-பித்-துக்-கொள்-ள-வும்."

"ஆத்தாடி!" என்றாள் ராசாத்தி. "முடிஞ்ச சூட்டோட புதுசா ஒண்ணு பாத்துக்கச் சொல்றானே!"

"ஆண்-டுச் சந்-தா ரூபாய் இருபத்து நான்கு. ஆ-யுள் சந்-தா ரூபாய் நூற்றைம்பது."

"கேட்டியா ராசாத்தி," என்றாள் கலியம்மாள், "வருசத்துக்கு ஒருத்தி, ஆயுசுக்கு ஒருத்தி. ஒங்க அண்ணனுக்கு வெலை போட்டு அனுப்பியிருக்கான்." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த ஆயுசுக்கு எவ்வளவு? அத மட்டும் இன்னொரு தரம் படி" என்றாள்.

"நூற்றைம்பது."

"ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அவளுக்குப் போட்ட பரிசம் பதினோரு ரூபாய். அவள் அதை நினைத்துக்கொண்டுதான் போனாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

நான் டீச்சரிடம் ஓடினேன். டீச்சர் கார்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள் என்று எனக்குப் பட்டது. சந்தா என்றால் பத்திரிகைக்கு முன்பணமாகக் கட்டுகிற காசு என்று விளக்கிச் சொன்னார்கள். அப்பாடா என்று வந்து கலியம்மாளிடம் சொன்னால் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறாள்: "டீச்சர் ஒனக்கு வக்காலத்தா? சந்தா பொம்பள இல்லன்னு அந்தப் பத்திரிகக்காரன் கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு அனுப்பட்டும். அதுவரைக்கும் சுருக்குப்பை தொறக்காது." அதோடு பேச்சு நின்றது. சோறு வருகிறது, குழம்பு வரவில்லை. மத்தியானம் மாதர் சங்கத்துக்குப் போகிறேன் என்று போகிறாள், சாயங்காலம்தான் வருகிறாள்.

கார்டின் கடைசி வரிதான் என்னைக் கொல்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் சந்தா வராவிட்டால் கோட்டை எண் 117 கேட்பாரற்றது ஆகிவிடும், யார் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம் என்று போட்டிருக்கிறீர்கள். இருபத்து நான்கு ரூபாய் அவள் சுருக்குப்பையில் இருக்கிறது. பெரிய கிடாவை விற்று அனுப்பலாம் என்று பட்டியில் பார்த்தால் கிடாவைக் காணவில்லை. தம்பி வீட்டு வேண்டுதலுக்குக் கொடுத்துவிட்டாளாம். அதையும் ராசாத்தி வழியாகத்தான் எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

விளையாட்டுத்தானே, போனால் போகட்டும் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. என் பேரில் ஒரு குழி நிலம் கிடையாது. நான் கைநாட்டு வைத்த காகிதத்தில் எல்லாம் சொத்து யாருடையதாகவோ இருந்தது, விரல் மட்டும் என்னுடையதாக இருந்தது. 'கோட்டை எண் 117, உரிமையாளர் அரியமுத்து' என்று நீங்கள் அச்சடித்ததுதான் நான் என் கண்ணால் படித்த என் முதல் சொத்து. அதை முகம் தெரியாத ஒருவனிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

இன்று தேதி இருபது. எழுதி முடிக்கப் பதினோரு நாள் ஆனது என் கையின் குற்றம், கெடுவுக்குள் கேட்டதாக எண்ணிக்கொள்ளவும். உங்கள் அச்சுக்கூடத்தில் மை வற்றாதிருக்கட்டும். பொட்டுக்கடலை மடிக்கிற காகிதமெல்லாம் உங்கள் காகிதமாக இருக்கட்டும். அச்சுக் கோக்கிறவர்கள் முதல் அஞ்சலில் போடுகிறவர் வரை எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
அரியமுத்து (கைநாட்டு அல்ல, கையெழுத்து)

பின்குறிப்பு: மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். பதினோரு நாள் உழைப்பைக் கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன்.

இன்று காலை உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை தேடிக்கொண்டிருந்தபோது சின்னதுரை உங்கள் புது இதழைக் கொண்டுவந்தார். என் சந்தாதான் முடிந்துவிட்டதே, இது எப்படி வந்தது என்று மேலே ஒட்டியிருந்த விலாசத்தை வழக்கம்போல் வாசலில் நின்று படித்தேன். 'தி-ரு-ம-தி அ. க-லி-யம்-மாள். எண் 62. ஆ-யுள் சந்-தா.' உள்ளே புரட்டினேன். 'கோட்டை எண் 117 வீழ்ந்தது. பிடித்தவர் எண் 62.' என் தோல்வியை நானே தெருவுக்கு வாசித்துக் காட்டி முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

கலியம்மாள் வாசலுக்கு வந்தாள். "என்னய்யா, சந்தா யாருன்னு தெரிஞ்சுதா?" என்றாள். ஆறு மாதமாக மத்தியானம் பெண்கள் வகுப்பில் அதே டீச்சரிடம்தான் படிக்கிறாளாம். கார்டெல்லாம் தம்பி விலாசத்தில் போயிருக்கிறது, ஆயுள் சந்தாவுக்குத்தான் எங்கள் வீட்டு விலாசம் கொடுத்தாளாம். கிடா போன வழி நூற்றைம்பது ரூபாய்.

"அப்ப சந்தான்னா காசுன்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"மாதர் சங்கத்துக்குப் பத்து வருசமா மாசம் ஒரு ரூபா சந்தா கட்டுறவளுக்குத் தெரியாதா? ஒன் காச வெளிய விட்டா கோட்டைய எப்படிப் பிடிக்கிறது?"

"என் படை எந்தப் பக்கம்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"நீதான். ஒவ்வொரு எழுத்தா கத்திக்கிட்டே எழுதுவே. நான் உள்ள ஒக்காந்து ஒவ்வொரு எழுத்தா எழுதிக்குவேன். எனக்கு 'ழ' வந்ததே ஒன் வாயப் பாத்துத்தான்." பிறகு பைப்படியில் நின்ற ராசாத்திக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வருசத்துக்கு ஒருத்தியும் வேணாம், மாசத்துக்கு ஒருத்தியும் வேணாம். ஒனக்கு ஆயுள் சந்தா நான்தான்யா."

உங்கள் ஒற்றன் சொன்னது சரி. அந்த மூன்று ரூபாய் எனக்கு இப்போது செரித்துவிட்டது. கோட்டையும் வீட்டை விட்டுப் போகவில்லை. எதிரி இல்லாமல் யாரோடு விளையாடுவது என்று கலியம்மாளே சுருக்குப்பையைத் திறந்து எனக்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொல்லிவிட்டாள், மணியார்டர் இன்றே வருகிறது. புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொண்டாலும் உங்களுக்கு இரண்டு சந்தா. உங்களுக்கு இரண்டாவது கும்பிடு.

அடுத்த வாரம் என் படையெடுப்புக் கார்டை எழுதிப் போடுவேன். அதை வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு எழுதப் போகிறேன், ஒரு எழுத்து வெளியே போகாது. பழகிப் பார்ப்பதற்காக இந்தப் பின்குறிப்பையும் அப்படித்தான் எழுதினேன். 'ஆயுள் சந்தா நான்தான்' என்ற இடத்தில் மை பரவியிருந்தால் அது மழை அல்ல, சிரித்துவிட்டேன்.