அசல் பாயிண்ட்

எடை அளவுத் துறை ஆய்வாளர் ஓய்வு பெற்றார். அவருக்குள்ளிருந்த ஆய்வு மட்டும் ஓய்வு பெற மறுத்தது. கடையும் தராசும் போய்விட்ட பிறகு மிச்சமிருந்தது அடுப்படிதான். உள்ளே போனார்.

"இந்தக் கரண்டி எவ்வளவு உப்பு பிடிக்கும்னு என்னைக்காவது அளந்து பார்த்திருக்கியா?"

"நாக்கு அளந்து சொல்லும். நீங்க போய்ப் பேப்பர் படிங்க" என்றாள் மனைவி.

படித்தார். காணாமல்போன நாயைப் பற்றிய விளம்பரம் வரை படித்தார். 'அதைத் தேடவாவது நாலு பேர் இருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டார். வெளியூரிலிருந்து மகளோ மகனோ போன் செய்தால், இவர் எடுத்து "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் "அம்மா இல்லையாப்பா?" என்பார்கள். பகல் இவ்வளவு நீளம் என்று எந்த அளவுகோலும் அவரிடம் சொன்னதில்லை.

அப்படி ஒரு பகலில்தான் ஷெட்டைத் திறந்தார். தார்ப்பாய்க்கு அடியில் பழைய கார் தூங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த கார். மறுபடி ஓட வைத்தால் மறுபடி பேசுவாள். ஆய்வாளர் மார்பில் கைவைத்துச் சபதம் செய்தார். "ஓட்டுவேன். அதுவும் அசல் சாமானோடயே ஓட்டுவேன்!"

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். துணி சுற்றிய ஒயர், தொட்டால் விபூதி போல உதிர்ந்தது.

"சார், மொத்தமா புதுசு போட்டுடலாம். இப்பல்லாம் பாயிண்டே இல்லாத சாமான் வந்துடுச்சு."

"வயசானா மாத்திடுவீங்களா? அப்ப என்னையும் மாத்தச் சொல்வீங்க போல!"

"அது அம்மாகிட்டதான் கேக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியன் போய்விட்டார்.

ஆய்வாளரே இறங்கினார். ஒயருக்குக் கட்டுப் போட்டார். டைனமோவைக் கழற்றித் துடைத்தார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் மனைவிக்குப் பாடம் நடத்தினார்.

"இந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ரெண்டு பாயிண்ட் இருக்கு. சின்னப் பொட்டு மாதிரி. ரெண்டும் ஒட்டி ஒட்டிப் பிரியணும். நடுவுல ஒரு தூசி இருந்தாலும் வண்டி பொணம்."

"ஓ! ஒட்டலேன்னா ஓடாதா?" என்று அவள் அக்கறையாகக் கேட்டாள். அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. எவ்வளவு நாளாயிற்று, அவள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டு!

ஒரு மாலை கார் இருமியது, தும்மியது, உறுமியது. "நாளைக்குக் காலையில நீ முன் சீட்டுல!" என்று கூவினார். மறுநாள் காலையில் மூச்சுப் பேச்சில்லை. சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார்; ஓடியது. அடுத்த நாள் மறுபடி மௌனம். தேய்த்தார், ஓடியது. அதற்கடுத்த நாளும் மௌனம். மனைவி டீயைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் வைத்து, "விடாதீங்க. உங்களால முடியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் காருக்குள் குப்புறப் படுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயர் தேடிக்கொண்டிருந்தார். சாமான் வாங்கப் போனவர் திரும்பிவிட்டது தெரியாமல், ஷெட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டபடி மனைவியும் பக்கத்து வீட்டு அம்மாவும் பேசுவது கேட்டது.

"உங்க வீட்டுக்காரர் சத்தமே இல்லையே. எங்க வீட்டுல ரிட்டயர் ஆனதுலேர்ந்து, நான் தும்மினாக்கூட ஏன்னு கேக்கறார்."

"அவருக்கும் ஒரு பழைய வண்டி வாங்கிக் குடுங்க. அவர் குளிக்கப் போனதும் மூடியைத் திறந்து, கலரில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. பாயிண்ட்ல. சாயங்காலம் வரைக்கும் வீடு நம்ம வீடு."

"அடிப்பாவி! பாவமில்ல?"

"பாவம்தான். ஆனா இத்தனை வருஷமா காலையில போனா ராத்திரிதான் வருவாரு. தனியா இருந்து பழகிட்டேன். இப்பத் திடீர்னு கூட்டம்னா மூச்சு முட்டுது."

"ஒருத்தர்தானே, அதென்ன கூட்டம்?"

"அவர் ஒருத்தரே கூட்டம்."

ஆய்வாளர் குப்புறப் படுத்தபடியே கிடந்தார். இந்தக் கூட்டத்தில் பேச்சுத் துணைக்கு ஓர் ஆள்கூட இல்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். "பாயிண்டே இல்லாத புதுச் சாமான் இருக்குன்னீங்களே, அதைப் போடுங்க."

"அசல்தான் வேணும்னீங்களே சார்?"

"அசலைக் கட்டிக்கிட்டு அழறதுக்கா? போடுங்கய்யா."

கார் ஒரே சாவியில் கிளம்பியது. மனைவி திரும்பி வந்ததும் வாசல்வரை ஓட்டிவந்து, வெற்றிச் சங்கு மாதிரி ஹாரன் அடித்தார். அவள் வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"அப்பாடா, சரியாயிடுச்சா? ஒரு நிமிஷம் இருங்க."

கைப்பையோடு திரும்பினாள். கூடவே பக்கத்து வீட்டு அம்மா. அவர் முன் கதவைத் திறந்து பிடிப்பதற்குள் இருவரும் பின் சீட்டில் ஏறிவிட்டார்கள்.

"நீ... முன்னாடி உக்காரலாமே?"

"முன்னாடி உக்காந்தா நீங்க பேசிக்கிட்டே ஓட்டுவீங்க. ரோட்டைப் பாருங்க. எங்களைப் பாட்டு வகுப்புல விட்டுட்டு, முடியற வரைக்கும் அங்கேயே நில்லுங்க. இனிமே தினம் பஸ்ஸுக்கு அலைய வேண்டாம்!"

வழியெல்லாம் சிரிப்பும் பேச்சுமாக வந்தாள். பின் சீட்டில்.

பாட்டு வகுப்பு வாசலில், மரத்தடியில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பக்கத்துக் காரில் காத்திருந்த டிரைவர் இறங்கி வந்து ஜன்னலில் கை ஊன்றினார்.

"அண்ணே, வேலைக்குப் புதுசா? உங்க முதலாளியம்மா எப்படி, கோபக்காரங்களா?"

அவரிடம் ஒரு மனிதர் பேச வந்திருக்கிறார். திருத்தி அனுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை.

"நல்லவங்கதான். என்கிட்ட மட்டும் பேச மாட்டாங்க."

டிரைவர் பெருமூச்சு விட்டார். "கொடுத்து வச்சவர்ணே நீங்க!"