நம் கடைப் பெயரில் வராததை நம்பாதீர்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் கண்ணாடிக்கடையும் நலம். அங்கே உன் மாமியார் புது முழங்காலோடு எழுந்து நடக்கிறார்களா? அவர்கள் நன்றாக நடக்கும் வரைக்கும் நீயும் உன் மனைவியும் அங்கேயே நிம்மதியாக இருங்கள். இதையெல்லாம் போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். அதனால் எழுதி, இன்று மாலை அங்கே கிளம்பும் உன் மைத்துனன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ விட்டுப்போன வேலை முடிந்த மாதிரிதான். "அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து கடைப் பேரைப் பதிவு பண்ணாம வெறும் நம்பர்லேர்ந்து மெசேஜ் அனுப்பினா, 'மோசடியா இருக்கலாம்'னு மேல போட்டுத்தான் ஜனங்களுக்குப் போகும். எதிர்ல வேற பெரிய கடை வந்திருக்கு, நம்ம பேர் கெட்டா எல்லாரும் அங்க போயிடுவாங்க" என்று கலங்கினாயே, இனிக் கலங்காதே. லென்ஸ் தேய்க்கிறவருக்கும் கவுன்ட்டர் பெண்ணுக்கும் விஷயத்தை உதாரணத்தோடு விளக்கினேன். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளை எவ்வளவு உரக்க 'உள்ளேன் அம்மா' என்று கத்தினாலும் வந்ததாகக் கணக்கில்லை; நம்முடைய 'கண்ணாடி தயார்' மெசேஜ்தான் அந்தப் பிள்ளை. "புரிஞ்சுது டீச்சர், முதல் வரியிலேயே புரிஞ்சுது" என்றார் லென்ஸ்காரர். இருந்தாலும் இன்னோர் உதாரணமும் சொன்னேன்.

பெயர் ஆங்கிலத்தில் பதினோரு எழுத்துக்கு மேல் போகக்கூடாதாம். தாத்தா பெயரும் அப்பா பெயரும் சேர்ந்த நம் கடைப் பெயர் அதில் எங்கே அடங்கும்? வால் பக்கம் வெட்டினால் எலி மருந்து மாதிரி இருக்கிறதென்று கவுன்ட்டர் பெண் சிரிக்கிறாள். தலைப் பக்கம் வெட்டினால் தாத்தா போய்விடுகிறார். வெறும் 'கண்ணாடி' என்று போடலாமென்றால், அது ஊருக்கெல்லாம் பொதுவான சொல், தரமாட்டார்களாம். கடைசியில் தாத்தாவை முதலெழுத்தாக்கி, அப்பாவை முழுசாக உட்காரவைத்தேன். விண்ணப்பம் போய்விட்டது. சரிபார்த்துவிட்டுப் பதில் சொல்வார்களாம்.

பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியுமா? பேர் கிடைச்சா மட்டும் போதுமா, ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டாமா? கடைக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். நம்ம பேர்ல வராத மெசேஜை நம்பாதீங்க. அவசரப்படுத்தினா நம்பாதீங்க. லிங்க் இருந்தா தொடாதீங்க. 'நான்தான் டீச்சர்'னு யாராவது போன்ல சொன்னாலும் நம்பாதீங்க. திருப்பிச் சொன்ன பிறகுதான் ரசீது கொடுத்தேன். ஒருத்தர் மூணு தடவை தப்பாச் சொல்லி, வேர்த்து விறுவிறுத்து, நாலாவது தடவை பாஸ் பண்ணினார்.

இதில் ஒரே ஒரு சின்னக் குறை. புதுப் பெயர் இன்னும் கிடைக்கவில்லையா, மெசேஜ் பழையபடி வெறும் நம்பரிலிருந்துதான் போகிறது. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவர்கள் பக்கத்து வீட்டில் கொடுத்து 'யார் பேர்ல வந்திருக்கு?' என்று கேட்டார்களாம். நம்பர் என்றதும் அழித்துவிட்டார்களாம். ஒருவரும் வரவில்லை, செய்து வைத்த கண்ணாடியெல்லாம் அலமாரியில் எங்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நானே போன் போட்டேன்.

"உங்க கண்ணாடி ரெடியா இருக்கு, நான்தான் டீச்சர் பேசறேன்."

"இப்படித்தான் சொல்வாங்கன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. உனக்கு வெக்கமாயில்ல?" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டார் அந்த நாலாவது தடவை பாஸ் பண்ணினவர்.

தம்பி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் என் பாடம் இப்படி ஒருவர் மனதில் நின்றதில்லை. அப்புறம் என்ன, லென்ஸ்காரரே ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். "டீச்சர், தயவுசெஞ்சு வேற யாருக்கும் பாடம் எடுக்காதீங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார், பாவம், வெயில். ஆனால் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்களே என்று ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். எதிர்க்கடைக்காரர் வாசலில் வந்து நின்று, நாம் ஏதோ புதுத் திட்டம் ஆரம்பித்துவிட்டோமென்று விழிக்கிறார். ஆகவே கடையும் பத்திரம், கடைப் பேரும் பத்திரம். பதிவு மட்டும் கைக்கு வந்துவிட்டால் தீர்ந்தது.

உன் மாமியாருக்கு என் அன்பு, உன் மனைவிக்கு என் ஆசி. நீ வேளைக்குச் சாப்பிடு, கடையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
கடையைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளும்
உன் அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஒரு மெசேஜ். வெறும் நம்பர், உள்ளே லிங்க், 'நாளை மாலைக்குள் உறுதிசெய்யாவிட்டால் உங்கள் விண்ணப்பம் ரத்து' என்று அவசரம் வேறு. மூன்று அடையாளமும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. கவுன்ட்டர் பெண் பார்க்கவே அழித்தேன். உடனே ஒருவன் போன் பண்ணி, பதிவு அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னான். விடுவேனா? 'உழைத்துச் சாப்பிடு' என்று கால் மணி நேரம் அறிவுரை சொல்லி அனுப்பினேன். இப்போது லென்ஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், விண்ணப்ப ரசீதில் இருப்பதும் அதே நம்பராம், நிஜமாகவே அவர்கள்தானாம். நாளை காலையில் முதல் வேலையாக நீயே அந்த அலுவலகத்துக்குப் பேசிவிடு. பேசும்போது நான் உன் அக்கா என்று மட்டும் சொல்லிவிடாதே.