மூலமொழியில் பதினொரு சொற்கள்

திறந்த மனதுக்காரர் என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்தவ வேதத்துக்கு யார் எந்தப் புது விளக்கம் கொண்டுவந்தாலும் நாற்காலி போட்டு உட்காரவைப்பார். பழைய விளக்கத்தையே பிடித்துத் தொங்குகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாகச் சிரிப்பார்.

நான் அறிந்தவர் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் இழப்பீட்டு விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்தே ஓய்வுபெற்றவர். வியாழக்கிழமை மாலை அவர் வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேருக்கு வேதபாட வகுப்பு. கடல்மேல் நடந்ததா? அது மன அலை. பணக்காரன் பரலோகம் போவதைவிட ஊசிக் காதில் ஒட்டகம் நுழைவது எளிதா? அது ஏதோ ஒரு வாசலின் பெயர். ஒட்டகம் கொஞ்சம் குனிந்தால் போதும், கார் வைத்திருப்பவர்கள் நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம். மறு கன்னத்தைக் காட்ட வேண்டுமா? “மூலமொழியில அப்படி இல்லை” என்பார். மூலமொழியில் அவருக்குத் தெரிந்தவை பதினொரு சொற்கள். பதினொன்றும் அவர் பக்கம்.

ஒரு வியாழன், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகி, சமாதானமாகச் சொல்லும் பகுதி. “சகோதரன்னா நமக்குள்ளயே இருக்கிற இன்னொரு நாம” என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் தங்கை மகள்.

“மாமா, அம்மாவுக்குக் காலையில ஆபரேஷன். உங்கள ஒரு தடவை பாக்கணும்னு சொல்றாங்க.”

தங்கையோடு அவர் பேசி ஆறு வருடம். அப்பாவின் நினைவுக் கூட்டத்தில் இவர் பெயரை இரண்டாவதாகச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான் குற்றம்.

“வகுப்பு நடக்குதும்மா. ஜெபம் பண்றேன்னு சொல்லு.”

அதுவரை வகுப்பில் வாயே திறக்காத தையல்கடைக்கார அம்மா மெல்லக் கேட்டார்: “ஐயா, நானும் ஒரு புது விளக்கம் சொல்லலாமா?”

“தாராளமா. இங்க எல்லாத்துக்கும் இடமுண்டு.”

“‘போ’ன்னா போறதுதான்னு நினைக்கிறேன்.”

திறந்த மனது அந்த நொடியே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.

“ரொம்ப மேலோட்டமா இருக்கு, தங்கச்சி. வேதத்த நம்ம இஷ்டத்துக்கு வளைக்கக் கூடாது.”

தையல்கடைக்கார அம்மா பையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு படியிறங்கினார். பின்னாலேயே ஐந்து பேர் போனார்கள். மிஞ்சிய இருவரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் ஆட்கள் கூட்டமாக நுழைந்ததும் தங்கை தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள். “அண்ணன் வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?” என்று கேட்டாள். தையல்கடைக்கார அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிழைத்துவிட்டாள். அதன்பின் அண்ணனைப் பற்றி அவள் கேட்பதில்லை. அவரோ அடுத்த வியாழன், வராமல் இருப்பதும் ஆழ்ந்த பொருளில் ஒரு வருகையே என்று விளக்கினார். கேட்க இருவர் இருந்தார்கள்.

இதைப் படிக்கையில் உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். ‘அவரேதான்’ என்று சிரித்திருப்பீர்கள். எனக்கும் வந்தது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: அந்த முகத்துக்காரரோடு நீங்கள் கடைசியாகப் பேசி எத்தனை வருடம் ஆகிறது?