மாப்பிள்ளைக்கு அறுபத்தொன்று

மதிப்பெண் போடும் அதிகாரத்தை என்னைப் போன்றவன் கையில் கொடுக்கவே கூடாது. ஒன்று, அள்ளிக் கொடுப்பான். இல்லையென்றால் கிள்ளிக்கூடக் கொடுக்க மாட்டான். நான் ஒரே மாதத்தில் இரண்டையும் செய்தவன்.

இணையத்தில் நடக்கும் ஐஸ் ஹாக்கி லீக் ஒன்றில் எனக்கு ஒரு அணி உண்டு. கற்பனை அணிதான். (கே.கே. நகரில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கியா என்று கேட்காதீர்கள். மதுரையில் நான் பார்த்த ஐஸ் எல்லாம் மீன் பெட்டியிலும் கரும்புச் சாற்றிலும்தான்.) ஆட்டத்தைக் கணினியே ஆடிவிடும். ஒவ்வொரு வீரனுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் உண்டு. அதை வைத்துத்தான் வெற்றி தோல்வி. புதிதாக வரும் இளம் வீரர்களுக்கு அந்த எண்ணைப் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அப்பா கணக்கு வாத்தியார். மார்க் குறைந்தால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று அனுபவித்துத் தெரிந்தவன் நான். தொண்ணூறுக்குக் கீழே போட மனசு வரவில்லை. எல்லாருக்கும் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு. விளைவு, மீசை முளைக்காத பயல்கள் அனுபவசாலிகளைப் புரட்டி எடுத்தார்கள். ஓர் ஆட்டம் நாற்பதுக்குப் பூஜ்யம். லீக்கே நாறிப்போனது.

கனடாவில் இருக்கும் லீக் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். இளம் வீரனுக்கு இரண்டு எண் வேண்டுமாம்: இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தால் எவ்வளவு. இன்றைய எண்ணைக் கறாராகப் போடு; அவசரப்பட்டு மேலே ஏற்றாதே, கீழ் லீக்கில் விட்டு வை. அதன் பிறகு எனக்குப் பார்க்கிறவர்கள் எல்லாம் எண்ணாகவே தெரிந்தார்கள். பால்காரர் எழுபது. என் மேனேஜர் நாற்பத்தெட்டு, வளர வாய்ப்பில்லை.

இந்த லட்சணத்தில்தான் தங்கை கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை செந்தில் திருவாதவூர்க்காரர், விவசாயக் குடும்பம், மதுரையில் வங்கி வேலை. போனில் பேசிப் பழகியதில் கவிதாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. முன்பு வந்த வரன்களெல்லாம் ஏதாவது ஒரு காரணத்தில் தட்டிப்போயிருந்ததால் பயந்துபோயிருந்தாள்.

"அண்ணே, இன்னைக்கி ஒரு நாள் மட்டும் வாயத் தொறந்துறாத," என்று காலையிலேயே கெஞ்சினாள்.

சத்தியமாக நான் பேசாமல்தான் இருந்தேன். கேசரி, பஜ்ஜி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மாதான் ஆரம்பித்தார்.

"தம்பி ஒண்ணுமே பேசலையே. எம் மகனப் பிடிச்சிருக்காய்யா?"

"நல்லவருதான் அத்தை. இப்போதைக்கு அறுபத்தொண்ணு போடலாம்."

"நூத்துக்கா?"

"ஆமா. ஆனா வளர்ற புள்ள. ரெண்டு வருசம் கீழ விட்டு வச்சு, அவசரப்படாம மேல ஏத்துனோம்னா..." (வளர்கிற பிள்ளைக்கு அப்போது வயது இருபத்தொன்பது.)

அத்தை எழுந்தே விட்டார். "பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு வாங்குனவன் எம் மகன்! எதுலய்யா கொறச்சீங்க? சொல்லுங்க!"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ லீக்கில் மார்க் போடுகிறவனுக்குரிய நேர்மை பொங்கிவிட்டது. "வேகம் பரவாயில்ல. உடம்பு பத்தாது. கேசரியச் சிந்திட்டாரு, கைப்பிடி சரியில்ல," என்று விளக்கினேன்.

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "மறுகூட்டல் போடச் சொல்லு, இல்லாட்டி வண்டிய எடுக்கச் சொல்லு," என்றார். (கோபத்தில் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை.) நான் அறுபத்தெட்டு வரை ஏறிப் பார்த்தேன். அத்தை தொண்ணூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. செந்தில் கீழே விழுந்த கேசரியைக் காலால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது கவிதா உள்ளேயிருந்து வந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது; எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. அவள் என் பக்கமே திரும்பாமல் அப்பாவிடம் சொன்னாள்.

"எனக்கு அறுபத்தொண்ணு போதும்ப்பா."

முதலில் சிரித்தது செந்தில்தான். அவருடைய அப்பாவும் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை மட்டும், "புள்ளைக்குப் பெரிய மனசு, போதுங்குது. ஆனா போட்ட மார்க்கு தப்புதான்," என்றார்.

கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளையின் நண்பர்கள் கட்டிய பிளெக்ஸில், "எங்கள் அறுபத்தொன்றே, வாழ்க!" என்று ஆளுயர எழுத்து. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். திருவாதவூர் விருந்துதான் தீராத தண்டனை. அத்தை இலையில் குழம்பை மட்டும் ஊற்றிவிட்டு, கரண்டியோடு நிற்பார்.

"இதுக்கு எம்புட்டு?"

"நூறு அத்தை!"

அதற்குப் பிறகுதான் கறி விழும். ஒருமுறை நேர்மை தலைதூக்கி, உப்பு ஒரு சிட்டிகை குறைவு என்று தொண்ணூற்றெட்டு போட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது கோழியின் கழுத்து.