பானட் அண்ணாச்சியின் தேயாத கார்

உலகத்தில் எல்லோரும் கார் வாங்குவது ஊர் போய்ச் சேர்வதற்கு. கார் தேயக் கூடாது என்பதற்காகவே கார் வைத்திருந்த ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து பானட் அண்ணாச்சிதான். சங்கரன்கோவிலில் அவர் தெருவில் நான் ஆறு வருஷம் குடியிருந்தேன். ஒருநாளும் அவருடைய நிஜப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பானட் அண்ணாச்சி என்று எழுதிப் போட்டால் தபால் போய்ச் சேரும். ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். எந்நேரமும் காரின் பானட்டைத் தூக்கி நிறுத்தி உள்ளே தலையை விட்டுக்கொண்டிருப்பார். வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் இன்ஜினுக்குள்ளிருந்து வரும்.

ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் மெஷின்களுக்கு எண்ணெய் போட்டு ஓய்வு பெற்றவர். அங்கே படித்த ஒரே பாடத்தை எங்கள் எல்லோருக்கும் இலவசமாகச் சொல்லித் தருவார். "எந்தச் சாமானும் தானா கெட்டுப்போறதில்லவே. நாமதான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கொல்லுதோம்." அவருடைய காரைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. இனிமேல் உதிரி பாகம் கிடைக்காது என்றால் மனிதர்கள் காரை விற்பார்கள். அண்ணாச்சியோ இருக்கிற பாகங்களை உபயோகிப்பதை நிறுத்திவிட்டார். காரை 'அது' என்று சொல்ல மாட்டார். "அவுக இன்னும் சூடாகல", "அவுகளுக்கு இன்னைக்கு மேலு சரியில்ல" என்பார். முதல் மாதம் அவர் வீட்டுக்குள் வயதான உறவினர் யாரோ படுத்திருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

அந்தக் காருக்கு நாலு கதவு. திறக்க அனுமதி உள்ளது இடது முன் கதவு ஒன்றுக்கு மட்டும். மற்ற மூன்றின் கீலும் தேயக் கூடாதல்லவா? அண்ணாச்சியே இடது பக்கம் ஏறி, நீள சீட்டில் சறுக்கிக்கொண்டு போய்த்தான் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். பின் சீட்டுக்குப் போக வேண்டியவர்கள் முன் சீட்டின் முதுகைத் தாண்டிக் குதிக்க வேண்டும். கனத்த உடம்புக்காரரான என் மாமனார் ஒருமுறை தாண்டும்போது பாதியில் சிக்கி, இளையரசனேந்தல் வரைக்கும் வந்த வழியைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்தார்.

ஹாரன் அடிக்க மாட்டார், கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டுவார். மழை வந்தால் வைப்பர் போட மாட்டார், ஓரம் கட்டி மழை விடும் வரை உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊர் மழைக்கு அது ஒன்றும் பெரிய நஷ்டமில்லை. ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். "அப்ப எவ்வளவு வேகத்துல போறோம்னு எப்படி அண்ணாச்சி தெரியும்?" என்று கேட்டேன். "சைக்கிள்காரன் முந்துனா மெதுவாப் போறோம். முந்தலைன்னா வேகமாப் போறோம். இதுக்கு எதுக்குவே முள்ளு?" என்றார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு ரிவர்ஸ் கியருக்கு. அதை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை திருவேங்கடத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். பேச்சு சுவாரஸ்யத்தில் மண்டபத்தைத் தாண்டி நாலு வீட்டு தூரம் வந்துவிட்டோம். "அண்ணாச்சி, கொஞ்சம் பின்னால எடுங்க" என்றேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலப் பார்த்தார். பிறகு நேரே விட்டார். குருவிகுளம் வரை போய், ஊரைச் சுற்றி, கரிசல் காடெல்லாம் பார்த்து, மறுபடியும் அதே மண்டபத்துக்கு வந்தோம். தாலி கட்டி, பந்தி முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாழைப்பழம் கிடைத்தது.

இத்தனையையும் தெரு பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாதது ஒன்றுதான். அந்தக் கார் தள்ளினால்தான் கிளம்பும். செல்ஃப் ஸ்டார்ட்டர் என்னவாயிற்று என்று யாராவது கேட்டால் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதைப் பத்தி இப்பம் என்னத்துக்கு?" என்பார். துக்க வீட்டில் விவரம் கேட்டது மாதிரி ஆகிவிடும். செல்ஃப் செத்துப்போய்ப் பல வருஷமாகிறது என்று தெரு முழுக்கப் புரிந்துகொண்டது. வெளியே போனால் சரிவாகப் பார்த்து நிறுத்திக்கொள்வார். ஊரில் எந்த டீக்கடை வாசல் சரிவு, எந்த டாக்டர் வீட்டு வாசல் சரிவு என்பது அவருக்கு அத்துப்படி. சமதளத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அண்ணாச்சியின் நாடி அவருக்குக் கிடைக்காது. ஆனால் எங்கள் தெருவில் சரிவு கிடையாது. அதற்குத்தான் நாங்கள் இருந்தோம்.

காலை ஏழரை மணிக்கு எதிர்வீட்டு டிரில் மாஸ்டர் விசில் ஊதுவார். ஆறு பேர் வர வேண்டும். யாருக்கு எந்த இடம் என்பது தீர்மானமான விஷயம். நான் குடிவந்த மூன்றாம் நாளே இடது பின் மூலை எனக்கு ஒதுக்கப்பட்டது. அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவருக்கு அந்த மூலைதானாம், வீட்டோடு அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. கோவில்பட்டியிலிருந்து பழைய கார் புரோக்கர் ஒருவர் அந்தக் காரை விலைக்குக் கேட்டு வந்தார். அண்ணாச்சி மரியாதையாக உட்கார வைத்துக் காபி கொடுத்தார். "மொதல்ல அவுகளை ஓட்டிப் பாக்கலாம், வாரும்" என்று கூட்டிப்போய் வலது மூலையில் நிறுத்தினார். விசில் அடித்தது. வண்டி கிளம்பியதும் அண்ணாச்சி டாட்டா காட்டிவிட்டு அப்படியே மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். விலைக்குக் கேட்க வந்த மனிதர் தள்ளிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

நான் தினமும் தள்ளினேன். தினமும் முணுமுணுத்தேன். "இந்த ஓட்டை டப்பாவைத் தள்ளுறதுக்கா பி.காம். படிச்சோம்" என்பது என் காலை வழிபாடு.

நான் குடிவந்த ஆறாம் வருஷம் என் மனைவி கோமதி உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதத்திலேயே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. திருநெல்வேலி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "வலின்னு சொன்னா உள்ளூர்ல யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. தாமதம் பண்ணா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. நேரா இங்க கொண்டுவாங்க." ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பாதை. பயத்தில் ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு அந்தப் பயத்துக்காகவே புதுக் கார் ஒன்று வாங்கினேன். பட்டனை அமுக்கினால் கிளம்பும், கியர் தானாக மாறும், நடுவில் டி.வி. மாதிரி ஒரு திரை. பெருமையோடு அண்ணாச்சி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

இன்ஜினுக்குள்ளிருந்து தலையை எடுத்து என் காரைச் சுற்றி வந்தார். மூடியைத் திறக்கச் சொன்னார்.

"என்னவே இது, மூடியைத் தொறந்தா உள்ள இன்னொரு மூடி இருக்கு. இன்ஜின் எங்க?"

"அதுக்குக் கீழதான் அண்ணாச்சி."

"சாவி?"

"பாக்கெட்ல இருந்தாப் போதும். பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான்."

"பட்டன் கேக்கலைன்னா?"

"கேக்கும் அண்ணாச்சி. புது வண்டியாச்சே."

"கேக்கலைன்னா தள்ளலாமா?"

"இதைத் தள்ளியெல்லாம் ஸ்டார்ட் பண்ண முடியாது. இது ஆட்டோமேட்டிக்."

அண்ணாச்சி மூடியை மெதுவாக இறக்கினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "தள்ள முடியாத வண்டிய நம்பியாவே பிள்ளத்தாச்சிய ஏத்தப் போறீரு?" என்றார். கிழவருக்குப் பொறாமை என்று வீட்டில் வந்து சொன்னேன். கோமதி சிரித்தாள்.

வலி எங்கள் ஊரின் பெரிய திருவிழாவான ஆடித்தபசு அன்றைக்கு வந்தது. சாயங்காலம் தபசுக் காட்சி. மத்தியானத்திலிருந்தே சுற்றுப்பட்டு ஜனம் பூராவும் ஊருக்குள் இறங்கிவிட்டது. எங்கள் தெருவில் ஈ காக்கை இல்லை. கார் தள்ளும் மற்ற ஐந்து பேரும் குடும்பத்தோடு கோவிலுக்குப் போய்விட்டார்கள். டிரில் மாஸ்டர் விசிலோடு கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போயிருந்தார். மூன்று மணிக்குக் கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, முடியல" என்றாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

அவளைத் தாங்கிக்கொண்டு வந்து காரில் உட்கார வைத்துப் பட்டனை அமுக்கினேன். திரை ஒருமுறை மினுங்கி அணைந்தது. மறுபடி அமுக்கினேன். அந்த மினுக்கமும் இல்லை. குற்றம் காருடையது அல்ல. திருவிழாவுக்கு வந்த என் மச்சானுக்குப் பாட்டுப் பெட்டியின் பெருமையைக் காட்ட, காலையில் இன்ஜின் போடாமலே இரண்டு மணி நேரம் பாட்டு வைத்திருந்தேன். அவன் ரசித்துக் கேட்டுவிட்டுக் கோவிலுக்குப் போய்விட்டான். பேட்டரி அவனுக்கு முன்பே போயிருக்கிறது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், கூட்டத்தைச் சுற்றி வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். கோமதி என் சட்டையைப் பிடித்த பிடி இறுகிக்கொண்டே போனது. நான் வாய்விட்டுச் சாமியைக் கூப்பிட்டேன்.

வந்தது அண்ணாச்சி. எண்ணெய்க் கையோடு ஓடி வந்து ஒரு பார்வை பார்த்தார். என் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மக்கா, பயப்படாத. இங்கன வா" என்று கோமதியை மெதுவாக நடத்திக்கொண்டு போனார். போய், தன் காரின் இடது பின் கதவைத் திறந்தார். ஆறு வருஷத்தில் அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. ஒரு சத்தம் இல்லாமல் திறந்தது. அவளைப் படுக்க வைத்தார்.

நான் பழக்க தோஷத்தில் ஓடிப்போய் இடது பின் மூலையில் கை வைத்து நின்றேன். தனி ஆளாக எப்படித் தள்ளுவது என்று அழுகை வந்தது.

"அங்கன என்னவே பண்ணுதீரு? ஏறும்!"

"தள்ளணுமே அண்ணாச்சி?"

"ஏறும்ங்கேன்!"

ஏறினேன். சாவியைத் திருகினார். ஒரே திருகு. கார் கிளம்பிவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் தெருமுனை வந்தது. திருவிழாவுக்காகக் கம்பு கட்டி அடைத்திருந்தார்கள். அண்ணாச்சி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். ரிவர்ஸ் போட்டார். தெரு முழுவதையும் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய் மறுமுனையில் திரும்பினார். மெயின் ரோட்டில் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்த ஹாரன் புத்தம் புதிதாக அலறியது, தபசு பார்க்க வந்த மாட்டு வண்டி, வேன், மனுஷர் எல்லாம் வழிவிட்டார்கள். பனவடலிசத்திரம் தாண்டியதும் சாரல் பிடித்தது. ஓரம் கட்டப் போகிறார் என்று பதறினேன். வைப்பரைப் போட்டார். என்ன வேகத்தில் போனோம் என்று தெரியாது, கேபிள்தான் பீரோவில் இருக்கிறதே. மானூருக்கு முன்னால் இரண்டு பஸ்ஸை முந்தினோம். இத்தனை வருஷமும் பொத்திப் பொத்தி வைத்திருந்த எல்லாவற்றையும் அந்த மனிதர் ஒரே மத்தியானத்தில் செலவழித்தார்.

"அரை மணி நேரம் பிந்தியிருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது" என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்கள். ஆறு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அண்ணாச்சியைத் தேடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பானட்டுக்கு வெளியே முதுகு தெரிந்தது.

"பொம்பளப் பிள்ள, அண்ணாச்சி."

இன்ஜினுக்குள்ளிருந்து கேள்வி வந்தது. "ரெண்டு பேரும் சுகமா?"

"சுகம் அண்ணாச்சி."

தலையை வெளியே எடுத்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எண்ணெய்க் கோடு. கையைக் கழுவாமல் கண்ணைத் துடைத்திருக்கிறார். பானட்டை மூடிவிட்டு, வழக்கம்போல இடது முன் கதவு வழியாக ஏறிச் சறுக்கிப் போய் உட்கார்ந்தார். ஊருக்குத் திரும்பப் போகிறார். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, செல்ஃப் வேலை செய்யுதே?"

"செய்யலைன்னு ஒம்மகிட்ட யாரு சொன்னா?"

"பின்ன ஆறு வருஷமா நாங்க எதுக்குத் தள்ளுனோம்?"

"அவசரத்துக்குன்னு வச்சிருந்தேன்வே. தெனமும் போட்டுத் தேய்ச்சிருந்தா இன்னைக்கு இருந்திருக்குமா?" என்றார். பிறகு கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்பம் அவசரம் முடிஞ்சிட்டுல்லா? என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்குதீரு? பின்னால போய்த் தள்ளும்" என்றார்.

வாட்ச்மேனையும் இரண்டு ஆட்டோக்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டு என் மூலைக்குப் போனேன். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இருபது அடியில் கார் கிளம்பிவிட்டது. மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் கையை எடுக்க மனசில்லாமல், கேட்டைத் தாண்டியும் கொஞ்ச தூரம் அதோடு ஓடினேன்.