சேற்றரக்கனை யார் அடிப்பது?

"எங்க இடிமார்பன் அரக்கனைத் தாராளமா அடிக்கலாம். ஆனா அங்கியில ஒரு பொட்டுச் சேறுகூடப் படக் கூடாது" என்றார் தொலைபேசியில் வக்கீல்.

"சார், அவனே சேற்றரக்கன் சார்! உடம்பே சேறுதான்!" என்றாள் கதாசிரியை.

"அது உங்க பாடு" என்று வைத்துவிட்டார்.

டமார் லாரி என்ற பொம்மையை விற்பதற்காகவே நடக்கும் படக்கதைப் புத்தகம் அது. ஆறு மாதமாகப் பொம்மையையும் சீந்துவாரில்லை, புத்தகத்தையும் சீந்துவாரில்லை. மூடிவிடலாம் என்று பேச்சு வந்ததும், வேறொரு கம்பெனியின் சூப்பர் ஹீரோவான இடிமார்பனை ஒரே ஒரு இதழுக்குக் கௌரவத் தோற்றத்தில் அழைத்துவந்தாள் கதாசிரியை. சேற்றரக்கன் பல்லைக் காட்டும் அட்டைப்படம் கட்டுக்கட்டாக அச்சாகி வந்த பிறகுதான் அந்தக் கம்பெனி வக்கீலின் நிபந்தனைகள் வந்து சேர்ந்தன. இன்று நாலு மணிக்குள் இரண்டு கம்பெனிகளும் கடைசிப் பக்கத்துக்குத் தலையாட்டாவிட்டால் புத்தகத்துக்கு மூடுவிழா. அவள் பதினோரு வருஷம் வளர்த்த புத்தகம்.

"அப்ப லாரியே முட்டட்டுமே" என்றார் ஓவியர். போட்டதை அழித்து அழித்தே அலுவலகத்தில் 'ரப்பர்' என்று பெயரெடுத்தவர்.

வரைந்து அனுப்பினார்கள். பொம்மைக் கம்பெனி மேலாளர் உடனே கூப்பிட்டார்.

"என்னம்மா, வண்டி பூரா சேறு! கடையில பளபளன்னு நிக்கிற பொம்மையை இப்படியா காட்டுறது?"

சரியென்று, இடிமார்பன் தூர நின்று அரக்கனை ஊதித் தள்ளினான்.

"அதுவரைக்கும் எங்க லாரி வேடிக்கை பார்க்குதாக்கும்?" என்றார் மேலாளர்.

லாரி இடிமார்பனைச் சுமந்துகொண்டு பாய்ந்தது.

"எங்க ஆளு என்ன மூட்டையா?" என்றார் வக்கீல்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சேர்ந்து ஊதினார்கள். வக்கீல் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டார். "லாரி ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்கு. எங்க ஆளு பக்கத்துல நிக்கிற யாரும் அவரைவிட உசரமா இருக்கக் கூடாது."

லாரியைக் குட்டையாக்கியதும் மேலாளர் அழாத குறை. மணி மூன்றேகால். கதாசிரியை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்று குரல் கேட்டது. அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா. நின்றால் மேசைக்கு மேலே தலை மட்டும் தெரியும். காலையிலிருந்து இந்தக் கூத்தையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். படத்தை எட்டிப் பார்த்தார்.

"இத்தனூண்டு சேத்துக்கா இவ்வளவு மல்லுக்கட்டு? ஒரு வாளித் தண்ணி குடுங்க, நான் துடைச்சுப் போட்டுட்டுப் போறேன்."

கதாசிரியையும் ரப்பரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, உங்களையே வரையட்டுமா?" என்றார் ரப்பர்.

"வரைங்க. தலையை மட்டும் படிய வாரின மாதிரி போடுங்க."

கடைசிப் பக்கத்தில் அக்கா வாளியும் மாப்புமாக இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் காலைத் தூக்குங்க" என்றார். இடிமார்பன் மரியாதையாக ஒரு காலைத் தூக்கினான். லாரி முன்சக்கரங்களைத் தூக்கியது. சேற்றரக்கன் மொத்தமும் வாளிக்குள் பிழிபட்டான். அங்கியும் சுத்தம், வண்டியும் சுத்தம்; இடிமார்பன் பக்கத்தில் நிற்பதோ குட்டை அக்கா. நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் இரு தரப்பும் சம்மதித்தன. கதாசிரியை ரப்பரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். கண்ணில் தண்ணீர் வேறு.

மூன்றே நாளில் இதழ் ஒன்றுகூட மிச்சமில்லை.

"பசங்க கடையில அந்த அக்கா பொம்மைதான் வேணும்னு அடம் பிடிக்குதுங்க! புத்தகத்தை மூடுறதாவது!" என்று மேலாளர் தொலைபேசியில் கத்தினார்.

அடுத்து வக்கீல். அவர் குரல் குழைந்து கதாசிரியை கேட்டதே இல்லை. "அம்மா... எங்க புத்தகத்துல அந்த அக்காவை ஒரு தடவை... கௌரவத் தோற்றத்துல..."

"அவங்களையே கேளுங்க" என்று ரிசீவரை நீட்டினாள்.

அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"தாராளமா வரேன் சார். ஆனா என் பக்கத்துல நிக்கிற யாரும் என்னைவிட உசரமா இருக்கக் கூடாது."