இடைவேளை வரை குடும்பப் படம்

மக்கள் சினிமா பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்பது 1973-ஆம் ஆண்டில் மேலிடத்துக்குத் திடீரென்று தெரியவந்தது. உடனே சித்தூர்ப் பக்கம் திரைக்காட்சி ஒழுங்கு ஆபீஸ் என்று ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஆபீசராக செபாஸ்டின் என்ற மலையாளி வந்தார். அவர் அதுவரை சினிமாவே பார்த்ததில்லை. அந்தத் தகுதியை உத்தேசித்தே அவரை அனுப்பினார்கள் என்று கேள்வி.

விதி எளிமையானது. படம் இரண்டே இனம். சண்டைப் படத்துக்குப் பெண்கள் போகக்கூடாது, மனசு கெட்டுவிடும். குடும்பப் படத்துக்கு ஆண்கள் போகக்கூடாது. அழுதால் உழைக்கும் சக்தி குறைந்து நாட்டின் உற்பத்தி பாதிக்கப்படும். சண்டைப் படம் ஓடும்போது ஒரு போலீஸ்காரர் உள்ளே காவல் நிற்கவேண்டும். குடும்பப் படத்தின்போது அவரும் உள்ளே வரக்கூடாது. அவரும் ஆண்தானே!

ஆபீசுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் டூரிங் கொட்டகை நடத்திவந்த பொங்கியண்ணன், படப்பெட்டி வந்த அன்றே ஆபீசில் போய்க் கைகட்டி நின்றார்.

"என்ன இனம்?" என்றார் செபாஸ்டின்.

"ரெண்டும் கலந்ததுங்க. அம்மாக்காரி செத்துப்போறா. அதுக்கப்பறம் மகன் சண்டை போடறானுங்க."

"கலந்தது என்று ஒரு இனம் விதியில் இல்லையல்லோ. அம்மை எப்போ மரிக்கும்?"

"இடைவேளைக்கு ரெண்டு நிமிசம் முன்னாலீங்க."

ஆபீசருக்கு முகம் மலர்ந்தது. "நல்ல அம்மை! இடைவேளை வரை குடும்பம். பின்னே சண்டை."

அன்று முதல் பெண்கள் முன்பாதியைப் பார்த்து அழுதுவிட்டு வெளியே வந்தார்கள். ஆண்கள் உள்ளே போய்ப் பின்பாதியைப் பார்த்து விசிலடித்தார்கள். யார் யாரை எதற்கு அடிக்கிறான் என்று ஆண்களுக்குத் தெரியவில்லை. வில்லன் நல்ல சட்டை போட்டிருந்ததால் பலர் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

மாரப்பன் நாலு ஏக்கர் நெல் வயல்காரர். நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதிலும் பாதி மாட்டோடு. அவர் மனைவி பூவாத்தாள் கொட்டகை வாசலில் காத்திருந்து, வாய்க்கால் கரையோரம் நடக்கும்போது கேட்டாள்.

"ஏனுங்க, மகன் என்ன பண்ணுனான்?"

"அடிச்சான்."

"ஆரை?"

"ஆரையோ."

பூவாத்தாள் செத்துப்போன தாயை நினைத்து மறுபடி அழ ஆரம்பித்தாள். மாரப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அழுவாத புள்ள. அடிக்கறதுக்கு முன்னால ஆத்தாளோட போட்டோவ எடுத்துத் துண்டுல தொடச்சான். அப்பறந்தான் கையை ஓங்குனான்" என்றார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை. மறுநாளும் போனார்கள். மறுநாள் மகன் ஒவ்வொரு குத்துக்கும் "ஆத்தா" என்று கூப்பிட்டான். பதிலுக்குப் பூவாத்தாள், அந்தத் தாய் மகனுக்காக எப்படியெல்லாம் பட்டினி கிடந்தாள் என்று சொன்னாள். மாரப்பன் இருட்டில் மூக்கை உறிஞ்சினார். நாட்டின் உற்பத்திக்கு அன்று கொஞ்சம் சேதம்தான்.

ஊரில் எல்லா வீட்டிலும் இதே கதை. பாதி ஊர் மீதி ஊருக்குக் கதை சொன்னது.

கேட்கக் கேட்க பூவாத்தாளுக்கு அந்தப் போட்டோவைக் கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்று ஆசை பிடித்தது. பத்தாம் நாள், தாய் செத்ததும், முப்பது பெண்களோடு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மறுத்துவிட்டாள்.

போலீஸ்காரர் கந்தப்பன் வாசலில் நின்று கத்தினார். "எந்திரிச்சு வாங்கம்மா!"

"உள்ள வந்து சொல்லுங்க."

"நீங்க வெளிய வந்தாத்தான் இடைவேளை. இடைவேளை உட்டாத்தான் நான் உள்ள வரலாம்!"

தகவல் போய் செபாஸ்டின் ஜீப்பில் பறந்து வந்தார். அவரும் ஆண். அவரும் வாசலிலேயே நின்றார். ஒரு மணி நேரம் கழித்து, விதி நிறுத்திவைக்கப்பட்டதாகத் தட்டிக்கு வெளியே நின்றபடியே அறிவித்தார்.

முதலிலிருந்து மறுபடி ஓட்டச் சொல்லி, ஆணும் பெண்ணுமாக முழுப் படமும் பார்த்தார்கள். மகன் போட்டோவைத் துடைக்கவில்லை. அம்மா பேரைச் சொல்லவே இல்லை. அவன் சண்டை போட்டது ஒரு நகைப் பெட்டிக்காக.

திரும்பும்போது பூவாத்தாள் கேட்டாள். "போட்டோவ எங்கீங்க தொடச்சான்?"

"நேத்துத் தொடச்சானே."

"நேத்தும் இதே படந்தானுங்களே?"

மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மெசின்காரன் வெட்டிப்போட்டான் போல" என்றார்.

அடுத்தடுத்த படங்களை எல்லாரும் முழுசாகப் பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதால் சொல்லவும் கேட்கவும் எதுவும் இல்லை. ஊர் கம்மென்று வீடு திரும்பியது. மாரப்பன் மறுபடி மாட்டோடு பேசலானார்.

ஒரு மாதத்தில், பழைய விதியே வேண்டுமென்று ஆபீசுக்கு ஒரு மனு வந்தது. முதல் கையெழுத்து பூவாத்தாளுடையது. கீழே இருநூற்றுச் சொச்சம் பேர்.

செபாஸ்டின் கண் கலங்கிப்போய் மேலிடத்துக்கு எழுதினார்: 'நமது விதியால் குடும்பங்களில் ஒற்றுமை பெருகியுள்ளது. அது இல்லாமல் மக்கள் பெரும் துயரத்தில் இருக்கிறார்கள்.'

அந்த ஆபீசிலிருந்து போன அறிக்கைகளில் வரிக்கு வரி உண்மையானது அது ஒன்றுதான். பொய் எழுதியதற்காக அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.